வெறும் வயிற்று விரால்

நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள். எழுதிப் பழக்கமில்லை. ஒன்றைச் சொல்ல வந்து வேறெங்கோ போய்விடுவேன். பாதி மறந்தும் போய்விட்டது. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ இருக்கும். ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். சாமையும் கொஞ்சம் புளியும்தான் எங்களுக்குப் பிழைப்பு. மூத்த மகளுக்கு அப்போது நாலு வயது. அவளுக்கு வலிப்பு வரும். களை பிடுங்கிக்கொண்டிருக்கும்போது வரப்பில் உட்கார்ந்திருப்பவள் திடீரென்று கண் மேலே சொருகி விழுவாள். எல்லாரும் சொன்ன மாதிரி கையில் இரும்பைக் கொடுத்துப் பார்த்தோம், தாயத்துக் கட்டினோம், வேண்டிக்கொண்டோம். ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் ஊருக்குக் கீழே ஓடையில் ஒரு பெரிய மடு உண்டு. கோடையிலும் வற்றாது. அதில் விரால் பிடிக்க மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ஒரு டாக்டர் வருவார். ரோட்டு முனையில் ஜீப்பை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் நடந்து வருவார். அவருடைய தூண்டிலில் சக்கரம் இருக்கும். முள்ளுக்குப் பக்கத்தில் பொடிமீன் மாதிரி மின்னுகிற ஒரு தகடு. அதைத் தண்ணீரில் ஓடவிட்டால் விரால் ஏமாந்து பாயும். ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் திரும்ப மடுவிலேயே விட்டுவிடுவார். தண்ணீர் எடுக்கப் போகும் பெண்களுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு தாங்காது. "உடறதுக்கு இன்னாத்துக்குப் புடிக்கணும்? வூட்ல பொண்டாட்டி தொரத்தி உட்டுட்டா போல கீது" என்பாள் என் ஓரகத்தி. தூண்டி டாக்டர் என்றுதான் ஊரில் அவருக்குப் பெயர்.

ஒரு தடவை மடுக்கரையிலேயே என் மகளுக்கு வலிப்பு வந்தது. அவர் தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடி வந்து, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அது அடங்கும் வரைக்கும் சேற்றில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த முறை வரும்போது ஒரு சீசா நிறைய வெள்ளை மாத்திரை கொண்டுவந்தார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. "ஒரு நாள் கூட விடக்கூடாதும்மா. திடீர்னு நிறுத்தினா முன்னைய விட மோசமா வரும்" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வெளி மனிதர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

அதிலிருந்து எட்டு மாதம் பிள்ளைக்கு ஒன்றும் வரவில்லை. மற்ற பிள்ளைகளோடு ஓடினாள். ஆனால் எனக்குள் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. மாத்திரை அவர் கையில் இருக்கிறது. அவரோ மீனுக்காக வருகிறவர். நாங்கள் நடந்தே கீழே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் போக ஒரு நாள், வர ஒரு நாள். போனாலும் யாரை எப்படிக் கேட்பது என்று எங்களுக்குத் தெரியாது.

எங்கள் ஊர்க் கட்டு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பொங்கலிலிருந்து ஆடித் திருவிழா வரைக்கும் மடுவில் யாரும் வலை வீசக்கூடாது, காரைக்காய் இடித்துப் போட்டு மீனை மயக்கவும் கூடாது. திருவிழாவன்று ஊரே இறங்கிப் பிடிக்கும். டாக்டர் ஊரில் நாலு பேருக்கு வைத்தியம் பார்ப்பதால் அவருக்கு மட்டும் ஊர்க்கவுண்டர் அனுமதி கொடுத்திருந்தார். மீன் என்று எங்கள் ஊரில் சொன்னால் விரால், கெளுத்தி, பெரிய கெண்டை, அவ்வளவுதான். அயிரை, கெண்டைப்பொடி எல்லாம் மீன் கணக்கில் சேராது. அது பெண்கள் சேலையில் அரித்துக் குழம்பு வைக்கிற சாமான். அதற்குக் கட்டும் கிடையாது, கேள்வியும் கிடையாது.

அந்த வருஷம் பொங்கல் கழிந்து சந்தையில் ஒரு கருவாட்டு வியாபாரி எங்களைப் பிடித்துக்கொண்டார். பொடிமீனைக் காய வைத்துக் கொடுத்தால் உப்பு, மிளகாய், மண்ணெண்ணெய், எது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்றார். கோழிப் பண்ணைக்குத் தீனியாம். கொசுவலைத் துணியும் அவரே கொடுத்தார். சேலையில் அரித்தால் ஒரு சட்டி கிடைக்கும். இரண்டு பேர் கொசுவலையை இழுத்தால் ஒரு கூடை. கண்ணுக்குத் தெரியாத குஞ்சு கூடத் தப்பாது. மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் வாரினோம். பாறை மேலெல்லாம் வெள்ளியாகக் காய்ந்தது. நானும் வாரினேன். என் ஜோடி ஓரகத்திதான். ஒரு நாள் விரால் குஞ்சுக் கூட்டம் சிவப்பாக, பந்து மாதிரி வலையில் வந்தது. தாய் விரால் என் கால் வரைக்கும் வந்து முட்டிவிட்டுப் போனது. அதையும் கூடையில்தான் கொட்டினேன். அடுப்புக்கும் விளக்குக்கும் தட்டுப்பாடில்லாமல் ஓடிய கோடை அது. ஊர்க் கட்டை மீறவில்லை என்ற நிம்மதி வேறு.

வைகாசியில் டாக்டர் வந்தார். மத்தியானம் வரைக்கும் தகட்டை ஓட்டி ஓட்டி ஒரே ஒரு விரால் மாட்டியது. தலை இவ்வளவு பெரிது, உடம்பு குச்சி. அவர் அதைப் பாறையில் வைத்து வயிற்றைக் கிழித்தார். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாத்திரைக்காக நின்றிருந்தேன். வயிற்றுக்குள் ஒன்றுமே இல்லை. ஒரு செதில் கூட இல்லை. அவர் கரையோரத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குத் தின்ன ஒண்ணும் இல்லையே. பொடிமீனெல்லாம் எங்க போச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாறை நிறையப் பொடி காய்ந்துகொண்டிருந்தது. நான் மாத்திரையை வாங்கி மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆனியில் வந்தபோது ஒன்றுமே மாட்டவில்லை. தூண்டிலைச் சுருட்டிக்கொண்டே என் வீட்டுக்காரரிடம், "இங்க இனிமே மீன் இல்லப்பா. வேற தண்ணி ஏதாவது பார்க்கணும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் போனதும் சீசாவைக் கவிழ்த்து எண்ணினேன். முப்பது நாளைக்கு இருந்தது. அதற்குப் பிறகு?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பொடி வாரறத நிறுத்தணும்ங்க. தீனி இல்லாம பெரிய மீனெல்லாம் பூடுச்சி. மீன் இல்லன்னா அவரு வர மாட்டாரு."

"எனுக்கு மட்டும் தெரியாதா? ஒரு வூடு நிறுத்துனா ஆச்சா? ஊர்ல அம்மாம் பேரும் வாரிகினு கீறாங்க" என்றார் அவர்.

ஓரகத்தியிடம் போனேன். அவள் வலையை உதறிக்கொண்டிருந்தாள். "இன்னாடி பேசற? ஒம் பொண்ணுக்கு மாத்திரை வேணும்னு எங்க வூட்டுக் கொழம்புல உப்பு இல்லாம கெடக்கணுமா? அந்தாளு வெளையாட வர்றாரு. நாம வயித்துக்குப் பாக்கறோம்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

ஆடித் திருவிழாவுக்கு நாள் குறிக்க ஊர்க்கூட்டம் கூடியது. பெண்கள் பின்னால் நிற்போம், பேசுகிற வழக்கமில்லை. அன்றைக்கு எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொசுவலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டேன். வலையைக் கீழே போட்டேன்.

"இன்னாம்மா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"மடுவுல பொடிமீன உடணும்ங்க. நானும்தான் வாரனேன். அதுக்கும் சேர்த்துக் கட்டுப் போடணும்ங்க."

"சத்தமா சொல்லு, கொசு கத்தற மாதிரி கீது" என்றான் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருத்தன் எழுந்து, "டவுன்காரரு வெளையாடறதுக்கு நாம கட்டுப் போடணுமா? பொடி இன்னாத்துக்கு? பொம்பளைங்க சமாச்சாரம், உடுங்க" என்றான்.

பிள்ளை பயந்துபோய் என் கழுத்தை இறுக்கினாள். அப்போது பின்னாலிருந்து ஓரகத்தியின் குரல் வந்தது.

"பொம்பளைங்க சமாச்சாரமா? ஆடிக்கு எறங்கி நீங்க இன்னாத்தப் புடிப்பீங்க மாமா? தலை மட்டும் கீற மீனையா? மடுவப் போய்ப் பாத்துட்டு வந்து சிரிங்க."

என்மேல் இருந்த பாசத்தில் சொன்னாளா, அவன் சிரித்த கோபத்தில் சொன்னாளா, தெரியாது. ஆனால் நாலு ஆண்கள் எழுந்து மடுவுக்குப் போனார்கள். கரையோரமாக நடந்து, தண்ணீரில் கை விட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த வருஷம் ஆடிக்கு மடுவில் இறங்குவதில்லை, மறு ஆடி வரைக்கும் பொடிமீனுக்கும் சேர்த்துக் கட்டு, குழம்புக்குச் சேலையில் அரிப்பது மட்டும் உண்டு, கொசுவலை கூடாது என்று முடிவானது. வியாபாரி அடுத்த சந்தையில் எங்களைத் திட்டிவிட்டுப் போனார். ஓரகத்தி பத்து நாள் என்னோடு பேசவில்லை. அவள் வீட்டில் உப்பு தீர்ந்திருந்தது. என்னிடம் இருந்ததைக் கொண்டுபோய் வைத்தேன். எடுத்துக்கொண்டாள், பேசவில்லை.

இதெல்லாம் நடந்தும் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. காலையிலிருந்து வழியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மடுவைச் சரி பண்ணியாகிவிட்டது, ஆனால் அது அவருக்கு எப்படித் தெரியும்? வேறு தண்ணீர் கிடைத்திருக்கும், அங்கே போயிருப்பார் என்று முடிவே கட்டிவிட்டேன். சீசாவில் மிச்சமிருந்தது கொஞ்சம்தான். இங்கேதான் நான் பெரிய தப்புப் பண்ணினேன். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை அரிவாள்மனையில் பாதி பாதியாக உடைத்துக் கொடுத்தேன். நாளை நீட்டலாமே என்று.

ஐந்தாவது நாள் காலையில், கூழ் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை அப்படியே சாய்ந்தாள். ஒன்று அடங்குவதற்குள் இன்னொன்று வந்தது. வீட்டுக்காரர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். நான் பின்னாலேயே ஓடினேன். ரோட்டு முனையில் புளி ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் நின்றது. டிரைவர் பிள்ளையைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை, மூட்டையை இறக்கிவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் தூண்டி டாக்டர் என்று கேட்டோம். யாருக்கும் புரியவில்லை. வீட்டுக்காரர் கையால் சக்கரம் சுற்றிக் காட்டியதும் ஒரு நர்ஸம்மா சிரித்துவிட்டு உள்ளே ஓடினார். டாக்டர் வந்து ஊசி போட்டார். பிள்ளை அடங்கித் தூங்கினாள். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"மாத்திரை குடுக்கலையா?"

"பாதி பாதியா குடுத்தேன்ங்க."

"ஏம்மா! ரோட்டு முனை டீக்கடையில ரெண்டு மாசத்துக்கு மாத்திரை குடுத்து அனுப்பினேனே? இங்க ஆள் இல்ல, என்னால வர முடியல. வந்து சேரலையா?"

நாங்கள் போய்க் கேட்கவே இல்லை. மீன் இல்லை, அதனால் வரவில்லை என்று நானே முடிவு பண்ணிக்கொண்டு வழியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன். பிறகு போய்க் கேட்டபோது தெரிந்தது, மாத்திரைப் பொட்டலம் டீக்கடையில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் அத்தனை நாளும் கிடந்திருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடையைத் தாண்டித்தான் ஜீப்பில் போயிருக்கிறோம்.

டாக்டர் முன்னால் அன்றைக்குத்தான் எனக்கு வாய் திறந்துகொண்டது. பொடிமீன் வாரியதை, அவர் மீனைக் கிழித்தபோது ஊமையாக நின்றதை, ஊர்க்கூட்டத்தை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "தெரியும்மா. உங்க வீட்டுக்குப் பின்னால காயறத அன்னைக்கே பார்த்தேன்."

"அப்ப ஏங்க ஒண்ணும் சொல்லல?"

"நான் மாசத்துல ஒரு நாள் விளையாட வர்றவன். நீங்க உப்புக்கும் விளக்குக்கும் பிடிக்கிறீங்க. என் விளையாட்டுக்காக உங்கள நிறுத்துங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலம்மா."

மூன்று மாதத்துக்கு மாத்திரையும், ஆஸ்பத்திரியில் காட்ட ஒரு சீட்டும் கொடுத்தார். இனிமேல் அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தச் சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம் என்றார். மறு வருஷம் மழைக்குப் பிறகு மடுவில் பொடி திரும்பியது. விரால் தேற இன்னும் ஒரு வருஷம் ஆனது. டாக்டர் மாற்றலாகிப் போகும் வரைக்கும் வந்துகொண்டிருந்தார், மீன் மாட்டிய நாளும் உண்டு, மாட்டாத நாளும் உண்டு. என் மகளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில் வலிப்பு நின்றது. இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறேன்.

வருஷமும் மாதமும் முன்னே பின்னே இருக்கலாம். பொடி திரும்பியது மறு மழைக்கா அதற்கடுத்த மழைக்கா என்பதிலும் எனக்குச் சந்தேகம். மலையில் அந்தக் காலத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்து எழுதுங்கள், தப்பிருந்தால் திருத்திக்கொள்கிறேன். ஒன்று மட்டும் எனக்குத் தப்பில்லாமல் நினைவிருக்கிறது: சொல்லியிருக்க வேண்டிய மனிதர் எங்களுக்காக வாயை மூடிக்கொண்டார், கேட்டிருக்க வேண்டிய நான் பயத்தால் வாயை மூடிக்கொண்டேன், அந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்தது என் பிள்ளையின் உயிர்.