பச்சை காட்டிய பட்டை

பானுமதிக்குப் புத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கூப்பிடும் வேலை. வீடு ஸ்ரீரங்கத்தில். ஒரே மகள் யமுனாவுக்கு வயது பத்தொன்பது, பேச்சு வராது. சந்தோஷம் என்றால் கைதட்டுவாள். தாங்க முடியாவிட்டால் தன் புறங்கையையே கடித்துக்கொள்வாள்.

கே.கே. நகரில் ஒரு பகல்நேரக் காப்பகத்தில் அவளைச் சேர்த்தபோது, "கூடவே இருந்து பாத்துக்க ஆள் தேடுறோம்" என்றார் அதை நடத்தும் மேடம். பானுமதி அறிவுமதியைச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. புருஷன் செத்ததிலிருந்து வேலையில்லாமல் அல்லாடிக்கொண்டிருந்தவள். வேலை கிடைத்ததும், "உன் பொண்ணு இனி என் பொண்ணுடி" என்று பானுமதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

போன வருஷம் ஓர் ஆராய்ச்சிக் குழு வந்து, காப்பகத்தில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் யமுனாவின் கையில் பட்டை ஒன்றைக் கட்டியது. நாடித்துடிப்பையும் வியர்வையையும் பார்த்து மனசைச் சொல்லுமாம். அமைதியென்றால் பானுமதியின் போனில் பச்சை, பதற்றமென்றால் சிவப்பு. முதல் வாரம் நாலைந்து தடவை சிவப்பு வந்தது. ஒவ்வொரு தடவையும் டோக்கனைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள். அப்புறம் நாள் முழுக்கப் பச்சைதான். பானுமதிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் யமுனா காலையில் கதவைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தாள். கையெல்லாம் புதுப் பல்தடம். "நாள் பூரா நல்லாத்தானே இருந்திருக்கே! என்கிட்ட மட்டும் ஏன்டி இப்படிப் பண்றே?" என்று போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டுவாள் பானுமதி. ஒருநாள் அடித்தும்விட்டாள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் ஸ்கேன் மெஷின் பழுதாகி மத்தியானமே லீவு விட்டார்கள். பஸ்ஸில் போகும்போது போனைப் பார்த்தாள். பச்சை.

காப்பகத்துச் சமையலறையில் அறிவுமதி தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பட்டை அவள் இடது கையில் இருந்தது.

பின்கட்டு அறை வெளியே தாழிட்டிருந்தது. உள்ளிருந்து கதவை யாரோ அறைந்துகொண்டிருந்தார்கள். திறந்தால் யமுனா.

"சிவப்பு வந்தா மேடம் என்னைத்தான் பிடிபிடின்னு பிடிக்கிறாங்க, பானு. நீயும் பதறி ஓடி வர்றே. உன் நிம்மதிக்காகவும்தான்..." என்றாள் பின்னாலேயே ஓடிவந்த அறிவுமதி.

"எத்தனை நாளா?"

அறிவுமதி தலையைக் குனிந்துகொண்டாள். "தீபாவளிக்கு முன்னாடிலேருந்து."

பானுமதி பட்டையைக் கழற்றி வாங்கி மேடத்தின் மேஜைமேல் வைத்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். மறுநாளே அறிவுமதியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து ஆராய்ச்சிக் குழுவிலிருந்து இளவரசன் என்பவர் கூப்பிட்டார். "நாலு மாசமா ரொம்ப நல்லா வந்திருக்குங்க. ஏன் நிறுத்திட்டீங்க?"

"அது என் பொண்ணோட மனசில்லைங்க. அறிவுமதியோடது. அவ நல்லாத்தான் இருந்திருக்கா."

இப்போது பானுமதிக்குக் காலை ஷிப்ட் மட்டும். அந்நேரம் யமுனாவுக்குத் துணை, வேலைக்குப் போகாத அண்ணி ரங்கநாயகி. அறிவுமதி இரண்டு முறை வாசல்வரை வந்து நின்றாள். பானுமதி கதவைத் திறக்கவில்லை. யமுனா அத்தையிடம் ஒட்டிக்கொண்டாள். அம்மா பக்கத்தில் வந்தால் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அவளைச் சொல்லி என்ன, பெற்றவளும் போனைத்தானே நம்பினாள்.