ஒன்பது கப்பல் முதலாளியும் ஒன்பது டொலர் படகும்

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பெப்ரவரியில், எங்கள் ரொறொன்ரோ ஏரிக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில் ரொச்செஸ்டரில் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. மனுசி முன்கூட்டியே போய்விட்டாள். நான் பிள்ளை பெற்றவளுக்குச் சமைக்கும் சரக்குத்தூளும் கையுமாகப் பின்னால் போனேன். எல்லையில் அமெரிக்க அதிகாரி, எத்தனை நாள் தங்குவீர் என்று கேட்டார். "மனுசி துரத்தும்வரை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு மணி நேரம் விசாரித்து, திரும்பிப் போகும் எண்ணம் இல்லாத ஆள் என்று எழுதி, என்னையும் தூளையும் ரொறொன்ரோவுக்கே அனுப்பிவிட்டார்.

ஆகவே பேத்தியை இன்னும் கையில் தூக்கவில்லை. இரண்டு மாதமாக என் சமையல். அதைச் சமையல் என்பது மரியாதைக்காக. சூடு இலவசம் என்று நூலகத்தில் போய் இருந்தபோதுதான் ஒரு பழைய புத்தகத்தில் அந்த மனிதர் அகப்பட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர். ஏரியின் தென்கரைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கத் தொடங்கி, ஒன்பது கப்பலுக்கு முதலாளியாகி, வாஷிங்டனில் காங்கிரஸ் உறுப்பினராகவும் ஆனவர். பெயரை எழுதவில்லை, வாரிசுகள் வழக்கறிஞர்களாம். மனைவி ரொறொன்ரோக்காரி, பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்தாள். இவர் சபைக் கூட்டம் முடிந்து ஓடிவந்தால் துறைமுகம் உறைந்துகிடக்கிறது. ஒன்பது கப்பலும் பனிக்கட்டிக்குள். மகனைப் பார்க்க நாலு மாதம் ஆனது. அவருக்கே அந்தக் கதி. என்னிடம் இருப்பது ஒரு கொரோலா கார்.

அவர் கடந்துவந்த தண்ணீரையாவது பார்ப்போம் என்று தோன்றியது. மனுசியோடு ஓர் ஒப்பந்தம்: ஏப்ரல் கடைசிச் சனி, பின்னேரம் மூன்று மணி, அவள் பேத்தியோடு அந்தக் கரையில், நான் இந்தக் கரையில், துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் தீவில்.

நான் இருக்கும் ரூஜிலிருந்து பஸ், பிறகு சப்வே ரயில்: 3 டொலர் 30 சதம், ஒன்றரை மணி நேரம். பஸ் சாரதி நம்மவர்.

"எங்க அண்ணை வெளிக்கிட்டியள்?"

"தீவுக்கு. ஏரி பாக்க."

"உந்தக் குளிருக்கையோ? தண்ணி பாக்கிறதெண்டா வீட்டிலை பைப் இல்லையோ?"

"அங்கால கரையிலை மனுசி நிக்கிறா, தம்பி."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். "அப்ப தலையை வடிவா மூடுங்கோ. காய்ச்சல் வந்தாலும் பாக்க அவதானே வேணும்."

யூனியன் நிலையத்திலிருந்து படகுத்துறைக்குப் பதினைந்து நிமிட நடை. போய்வரப் படகு 9 டொலர் 11 சதம். பயணம் பதின்மூன்று நிமிடம். சென்டர் தீவில் இறங்கி, நேரே தெற்கே சுமார் ஒரு கிலோமீற்றர். அங்கே தண்ணீர். அதற்கப்பாலும் தண்ணீர். ரொச்செஸ்டர் நூற்றைம்பது கிலோமீற்றர் தள்ளி. அமெரிக்கா ஒரு கோடாகக்கூடத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு மனுசிக்கு போன் எடுத்தேன்.

"இஞ்சாருங்கோ, வந்திட்டியளோ? நாங்களும் கரையிலைதான்."

"தண்ணி தெரியுதோ?"

"ஓம், நல்லாத் தெரியுது. பிள்ளை உங்கடை பக்கந்தான் பாக்கிறாள். கையை ஆட்டுங்கோவன்."

ஆட்டினேன், இரண்டு கையாலும். பக்கத்தில் நின்ற வயதான தம்பதியும் மரியாதைக்கு ஏரியைப் பார்த்துக் கையாட்டினார்கள்.

அந்த நாலு மாதமும் கப்பல்காரர் என்ன செய்தார் என்று புத்தகத்தில் ஒரு வரி இல்லை. எனக்குத் தெரியும். யாரும் பார்க்காத நேரத்தில் அவரும் வடக்கே பார்த்துக் கையாட்டியிருப்பார்.

போக நினைப்பவர்களுக்கு: கையுறை கட்டாயம். ஏப்ரலில் தீவில் தேத்தண்ணிக் கடையை நம்பவேண்டாம், பிளாஸ்க் கொண்டுபோங்கள். திரும்பும் படகின் நேரத்தைப் போகும்போதே பார்த்துவையுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் மகள் ஒரு படம் அனுப்பினாள். எடுத்த நேரம் மூன்று மணி நாலு நிமிடம். ரொச்செஸ்டரில் அன்று நல்ல மழையாம். மனுசியின் காதில் போன், பேத்தி தள்ளுவண்டியில், பின்னால் ஏதோ கடையின் கூரை முட்ட அரிசி மூட்டைகள்.