ஐந்து மணி மாத்திரை

இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சுளிக்கட்டும். எனக்கு நாற்பத்து மூன்று வயதில் நாக்கின் அடியில் புற்றுநோய் வந்தது. சென்னையில் ஏழு வாரம் கதிர்வீச்சு கொடுத்தார்கள். நோய் போயிற்று. ஆனால் சிகிச்சை முடிந்து சின்ன காஞ்சிபுரத்துக்குத் திரும்பிய பிறகு வந்த ஏழெட்டு வாரங்களை நான் தாண்டியது ஒரு மாத்திரையால்தான். அந்த மாத்திரையை நான் வாயால் விழுங்கவில்லை.

அப்போது நான் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. என் கணவர் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்பவர். பெருமாளுக்கு அமுது சமைக்கும் கை என்பதால் அவருக்கு மடி, ஆசாரம் எல்லாம் கொஞ்சம் அதிகம். குளித்துவிட்டு ஈர வேட்டியோடு கிளம்பினால், தெருவில் யார் மேலும் பட்டுவிடாமல் ஓரமாக நடப்பார். எங்களுக்குக் குழந்தைகள் கிடையாது. வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

கதிர்வீச்சு பட்ட இடமெல்லாம் உள்ளே வெந்துபோயிருந்தது. எச்சில் விழுங்க முடியாது. ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கையில் வைத்துத் துப்பிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். பேச்சு நின்றுவிட்டது. எதையும் பள்ளிக்கூடத்து ரெக்கார்டு நோட்டு ஒன்றில் எழுதித்தான் காட்டுவேன். மூக்கு வழியே ஒரு குழாய் போட்டிருந்தார்கள். கஞ்சியும் மோரும் அதில் இறங்கும். பக்கத்து வீட்டில் பட்டுத் தறி ஓடும் சத்தம் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்பதுதான். பழகிப்போய்க் காதில் விழாத சத்தம். அந்த நாட்களில் தறியின் ஒவ்வொரு அடியும் என் தாடைக்குள் விழுந்தது.

வலிக்கு மார்ஃபின் கொடுத்திருந்தார்கள். மெதுவாகக் கரைகிற மாத்திரை. ஒன்று போட்டால் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். காஞ்சிபுரத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது. சென்னை ஆஸ்பத்திரியில் வலிக்கென்று இருந்த பிரிவில் டாக்டர் பார்த்து, கையெழுத்துப் போட்டால்தான் தருவார்கள். சிகிச்சை நடந்தபோது அதை எப்படியோ விழுங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த நாலாம் நாள் அதுவும் முடியாமல் போயிற்று. தொண்டை வரை போய் வாந்தியாக வந்தது.

இவர், என் கணவர், மருந்து இழைக்கிற சின்னக் கல்வத்தை எடுத்துவந்து, "பொடிச்சுத் தண்ணில கலந்து குழாய்ல விட்டுடறேன்" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மெதுவாகக் கரைய வேண்டும் என்று செய்த மாத்திரையை உடைத்தால், மெதுவாகக் கரைவதற்கு அதில் என்ன இருக்கிறது? பாடம் நடத்துகிறவளுக்கு இதுகூடத் தெரியாமல் போகுமா? "வேண்டாம். நாளைக்கு டாக்டரிடம் போவோம்" என்று எழுதினேன். அன்று பொழுது எப்படிப் போயிற்று என்று எழுத எனக்கு விருப்பமில்லை.

மறுநாள் வாடகைக் காரில் சென்னை போனோம். டாக்டர் என் வயதுப் பெண். சுற்றி வளைக்காமல் பேசுவார்.

"பொடிக்கலையே?" என்றுதான் முதலில் கேட்டார்.

"நான் பொடிக்கத்தான் பார்த்தேன். இவதான் தடுத்துட்டா" என்றார் இவர்.

"நல்ல காரியம் பண்ணீங்கம்மா. பொடிச்சிருந்தா பன்னிரண்டு மணி நேரத்து மருந்தும் ஒரே சமயத்துல உடம்புல ஏறியிருக்கும். மூச்சே நின்னு போயிருக்கலாம்." பிறகு அவர் யோசித்தார். நாலு மணிக்கொரு தடவை கரைத்துக் கொடுக்கும் சாதாரண மாத்திரை அந்த மாதம் அங்கே இருப்பில் இல்லை. "இதே மாத்திரையை உடைக்காம முழுசா ஆசனவாய் வழியா உள்ள வைக்கலாம். அங்க இருக்கிற உள்தோல் மருந்தை மெதுவா இழுத்துக்கும். உங்களுக்கு அங்க புண்ணோ ரத்தக்கசிவோ எதுவும் இல்லை. அதனால தைரியமா சொல்றேன்."

இவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். பார்த்தபடியே, "அதுக்கு நர்ஸ் யாராவது ஆத்துக்கு வருவாளா?" என்றார்.

"காஞ்சிபுரத்துல தினம் ரெண்டு வேளை யார் வருவாங்க? வீட்டுல யார் இருக்காங்க?"

நான் நோட்டில் எழுதிக் காட்டினேன்: நானே வைத்துக்கொள்கிறேன்.

"தாராளமா. ஆனா இப்ப உங்களுக்கு உடம்புல பலம் இல்லை. மொதல் சில நாள் கூட ஒருத்தர் இருக்கட்டும்" என்றார் டாக்டர். நர்ஸ் ஒருத்தி வந்து சொல்லிக்கொடுத்தாள். வெளிக்குப் போய்விட்டு வந்த பிறகு வைக்க வேண்டும். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை வயிற்றுப் பக்கம் மடக்கிக்கொள்ள வேண்டும். கையுறை போட்டு, மாத்திரையைத் தண்ணீரில் நனைத்து, விரல் நீளத்துக்கு உள்ளே தள்ள வேண்டும். பிறகு கால் மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். இவர் கேட்டுக்கொண்டார். காலண்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

காலை ஐந்து, மாலை ஐந்து என்று நேரம் வைத்தோம். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானே முயன்றேன். கை பின்னால் எட்டவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. மாத்திரை விரலிலிருந்து நழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டது. அதைத் தேடக் குனிந்தால் எழுந்திருக்க முடியாது. வலியைவிட அந்த ஆத்திரத்தில்தான் அழுதேன் என்று நினைக்கிறேன். கட்டில் சட்டத்தைத் தட்டினேன்.

இவர் கதவைத் திறந்தார். பார்த்தார். குனிந்து மாத்திரையை எடுத்து எறிந்துவிட்டு, மாத்திரைப் பட்டையிலிருந்து வேறொன்றைப் பிரித்தார்.

நான் நோட்டை இழுத்து, "காலையில் மடப்பள்ளி?" என்று எழுதினேன்.

"தீர்த்தமாடிட்டுத்தானே போகப்போறேன்? பின்ன குளியல் எதுக்கு இருக்கு?" என்றார்.

பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்தியிருந்தோம். வெளிச்சத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "சொல்லு, சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டு, நான் எங்கே சொல்வது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். "சரின்னா ஒரு தட்டு. வேண்டாம்னா ரெண்டு தட்டு" என்றார். கட்டிலில் ஒரு தட்டு தட்டினேன். முடிந்துவிட்டது. அடுப்பில் பால் வைத்து இறக்கும் நேரம்கூட ஆகவில்லை. இதற்காகவா இரண்டு பேரும் காரில் முகத்தைப் பார்க்காமல் வந்தோம் என்று இருந்தது.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. மூன்று மணி நேரம் போயிருக்கும். பக்கத்து வீட்டுத் தறி ஓடுவது கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது, ஆனால் அது வெறும் சத்தமாக இருந்தது. வலி இல்லாமல் போகவில்லை. அதை விட்டுவிட்டு வேறு ஏதாவது நினைக்க முடிந்தது. பத்தாம் வகுப்புக் கேள்வித்தாளில் ஒரு கணக்கைத் தப்பாகக் கொடுத்துவிட்டேனோ என்று நினைத்தபடியே தூங்கிப்போனேன்.

இரண்டாவது வாரம் செங்கல்பட்டிலிருந்து என் நாத்தனார் வந்தார். விஷயம் தெரிந்ததும் தம்பியைச் சமையலறைக்குள் கூப்பிட்டுப் பேசினார். எனக்குப் பேச்சுதான் போயிருந்தது, காது நன்றாகவே கேட்டது.

"டேய், அது போதை மருந்துடா. இனிமே ஒண்ணும் இல்லைங்கறவாளுக்குக் குடுக்கறது. நாளைக்கு அது இல்லாம அவளால இருக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமா நேரத்தைத் தள்ளு."

இவர் அன்று மாலை நேரத்தைத் தள்ளினார். ஐந்தரை ஆயிற்று, ஆறரை ஆயிற்று. ஏழு மணிக்கு நான் பல்லைக் கடிக்கக்கூட முடியாமல் சுவரில் தலையை முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு நோட்டை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதி, இரண்டு பேர் எதிரிலும் நீட்டினேன். "வலி என்னுடையது. மருந்தின் நேரத்தை டாக்டரும் நானும் முடிவு செய்வோம். எனக்கு நோய் போய்விட்டது. புண் ஆறியதும் மருந்தும் போகும்."

நாத்தனார் அதை இரண்டு தடவை படித்தார். "எனக்கென்ன தெரியும்? பயத்துல சொன்னேன்" என்றார். அதற்குப் பிறகு தள்ளிப்போடும் பேச்சு இல்லை. அவர் இன்னும் பத்து நாள் இருந்தார். மார்ஃபின் மலத்தைக் கட்டிவிடும். அதற்காக டாக்டர் தனியாக மருந்து எழுதியிருந்தார். அதைத் தவறாமல் குழாயில் விடும் பொறுப்பை நாத்தனார் தானே எடுத்துக்கொண்டார். "இன்னிக்குப் போனியா?" என்று தினமும் காலையில் வாசலுக்குக் கேட்கிற மாதிரி விசாரிப்பார். வீட்டில் இருந்த கூச்சமெல்லாம் அத்தோடு போயிற்று.

அவர் ஊருக்குப் போன மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு நான் வெளிக்குப் போனபோது மாத்திரை முழுசாக வந்துவிட்டது. இவர் பார்த்துவிட்டுப் பதறினார். "ஐயோ, உள்ளேயே போகலை போலிருக்கே. இன்னொண்ணு வெச்சுடறேன்" என்று பட்டையைக் கையில் எடுத்துவிட்டார்.

எனக்குச் சந்தேகமாக இருந்தது. காலை ஐந்து மணிக்கு வைத்தது. மருந்து உள்ளே போகாமல் இருந்தால் இந்நேரம் எனக்கு வலி தாங்காமல் இருக்க வேண்டும். வலி இல்லை. "டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள். அதுவரை வைக்க வேண்டாம்" என்று எழுதினேன். எங்கள் வீட்டில் போன் கிடையாது. தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார்.

அங்கே நடந்ததைப் பூத்துக்காரர் பிற்பாடு எனக்குச் சொன்னார். வரிசையில் நாலைந்து பேர் இருந்தார்களாம். லைன் சரியில்லை. இவர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"டாக்டர், மாத்திரை வெளில வந்துடுத்து." அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். "இல்லை, வாந்தில இல்லை." மறுபடி என்னவோ கேட்டார்கள். இவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றவர்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு கோயிலில் தளிகை ஆயிற்று என்று குரல் கொடுப்பதுபோல உரக்கச் சொன்னார்: "என் ஆத்துக்காரிக்கு ஆசனவாய்ல வெச்ச மாத்திரை! நான்தான் வெச்சேன். கார்த்தால அஞ்சு மணிக்கு."

என்ன பதில் வந்தது என்று இவரே சொன்னார். வந்தது வெறும் கூடு. மருந்து அதிலிருந்து வெளியேறி உடம்பில் சேர்ந்துவிட்டது. இன்னொன்று வைத்தால் அளவு மிஞ்சிவிடும். மாலை ஐந்து மணிக்கு வழக்கம்போல் வைத்தால் போதும்.

போனை வைத்துவிட்டு வெளியே வந்ததும், வரிசையில் நின்ற ஒரு நெசவுக்காரர் இவரைத் தனியாகக் கூப்பிட்டாராம். பக்கத்தில் ஓரிக்கை கிராமத்துக்காரர். "சாமி, அந்த மாத்திரை எங்க கெடைக்குது? எங்க அண்ணன் வாயில ஒண்ணும் எறங்காம வலியில கத்திக்கினு இருக்கிறாரு. ஊசி போட ஆளு தேடிக்கினு அலையறோம்."

இவர் அவரை நேரே வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். பட்டையில் பத்து மாத்திரைக்கு மேல் இருந்தது. "ரெண்டு குடுத்தனுப்பட்டுமா? பாவமா இருக்கு" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் அளவு எனக்கு அளந்தது. இதற்குப் பழகாத ஒருவரை அது கொன்றுவிடலாம். "கூடாது. இவர்களை நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்" என்று எழுதினேன். நெசவுக்காரரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "சரிம்மா" என்றார். மறுநாள் மடப்பள்ளியில் வேறொருவரை மாற்றாக விட்டுவிட்டு இவரே அவர்களுடன் சென்னை போனார்.

அந்த அண்ணனுக்கு நோய் முற்றிப்போயிருந்தது. அவர் அளவுக்கு வேறு மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். அவருடைய மகன்களுக்கு எப்படி வைப்பது என்று கைவரவில்லை. இவர் மூன்று நாள் மாலை எனக்கு வைத்துவிட்டு, பஸ் பிடித்து ஓரிக்கைக்குப் போய்வந்தார். காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷர், முன்பின் தெரியாத வீட்டில் நின்று, "இடது பக்கம் படுக்கவைங்கோ. முழங்காலை மடக்குங்கோ. அவசரப்படாதீங்கோ. அவர்கிட்டச் சொல்லிட்டுச் செய்யுங்கோ" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் திரும்பி வந்து என் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னார்: "இன்னிக்கு அவர் எழுந்து உக்காந்துண்டு, தறில இருந்த சேலை முடிஞ்சுதான்னு கேட்டார். அவா அத்தனை பேரும் அழறா." அந்த அண்ணன் அதற்குப் பிறகு இரண்டு மாதம் இருந்தார். கத்தல் இல்லாமல்தான் போனார் என்று நெசவுக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஐந்தாவது வாரம் புண் ஆறத் தொடங்கியது. ஒரு நாள் எச்சிலை விழுங்கியிருந்தேன். விழுங்கிய பிறகுதான் கவனித்தேன். இளநீர் ஒரு வாய் இறங்கியது. பிறகு குழைந்த சாதத்தில் நிறைய மோர் விட்டுக் கரைத்தது. குழாயை எடுத்தார்கள். டாக்டர் அளவைப் படிப்படியாகக் குறைத்தார். இரண்டு வாரத்தில் மருந்து நின்றது. கொஞ்சம் வியர்த்தது, இரண்டு நாள் தூக்கம் கலைந்தது, அவ்வளவுதான். மிச்சமிருந்த பட்டையை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்தோம். நாத்தனாருக்கு நானே பூத்திலிருந்து போன் செய்து, "மருந்து நின்னுடுத்து. நான் நன்னா இருக்கேன்" என்றேன். என் குரலை அடையாளம் தெரியாமல் "யாரு பேசறது?" என்றார்.

குரல் பழையபடி திரும்பவேயில்லை. கரகரப்பாக, தணிந்துதான் வந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் போனேன். முதல் நாள் வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்றார்கள். இரண்டாம் நாள் நான் உள்ளே நுழைந்தபோது பெண்கள் பெஞ்சுகளை எல்லாம் கரும்பலகைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.