பன்னிரண்டாவது ஓட்டை

வட ஆற்காடு ஜில்லாவிலேயே பேயிடம் வேலை வாங்கிய ஒரே ஆள் நான்தான். கூலி கிடையாது, டீ கிடையாது, ஓவர்டைம் கிடையாது. முழுசாக முக்கால் மணி நேரம் வேலை வாங்கினேன். முடிந்ததும் போகலாம் என்றேன். போய்விட்டது.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். என் மனைவி ஜெயசீலி நாற்பது வருடமாகச் சிரிக்கிறாள். நான் அங்கங்கே கொஞ்சம் மசாலா தூவுவேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதில் வரும் நேரங்கள் அத்தனையும் அசல். என் கைக்கடிகாரம் என்னை மாதிரி இல்லை. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

1981, டிசம்பர். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் நான் பிட்டர். பெயர் ஆபேல், கூப்பிடுவது மேஸ்திரி. எங்கள் முதலாளி நிசார் அஹமது சாயபு, ஏதோ ஒரு மலை ஊர்ப் படகுத் துறையில் ஏலத்துக்கு வந்த துடுப்புப் படகை வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். பதினாறடி மரப்படகு. பச்சைப் பெயின்ட் முகம் பார்க்கலாம் போல. பாலாற்றில் மணலைத் தவிர வேறெதையும் பார்க்காத ஊருக்குப் படகு! ஆம்பூரே திரண்டு வந்து பார்த்தது. சரி, ஒரு முப்பது பேர் வந்தார்கள்.

அந்த வருடம் நல்ல மழை. மாதனூர்ப் பக்கம் ஓர் ஏரி ததும்பி நின்றது. ஞாயிற்றுக்கிழமை முதலாளியின் மனைவி அக்தர் பானு அம்மாவும் மூன்று பெண் பிள்ளைகளும் அதில் உலாப் போகவேண்டும் என்று ஏற்பாடு. புதன்கிழமை எங்கள் பெரிய தண்ணீர்த் தொட்டியில் படகை இறக்கிப் பார்த்தோம். பத்தே நிமிடம். பாதிப் படகு தண்ணீர்.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை. எல்லார் எதிரிலும் கேட்டார்.

"ஆபேல், என் பொண்ணுங்களுக்கு நீச்சல் வராது. எனக்கும் வராது. நீ சரின்னு சொன்னா ஏத்தறேன். சந்தேகமா இருந்தா இப்பவே சொல்லு. ஒடச்சு பாய்லர்ல போட்டுடலாம்."

எனக்குப் படகு தெரியாது. ஆனால் ஓட்டை தெரியும். அதோடு முப்பது பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது என் வாய் சும்மா இருந்ததாகச் சரித்திரமே இல்லை.

"ஒரு சொட்டு உள்ள வந்தா என்ன மேஸ்திரின்னே கூப்பிடாதீங்க முதலாளி. நாலு உசுருக்கும் நான் ஜவாப்தாரி."

சொன்ன பிறகுதான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நாலு உயிர்.

எனக்கு உதவிக்கு வந்தவர் எங்கள் கெமிஸ்ட் இஷ்தியாக் அகமது. வாணியம்பாடியில் பி.எஸ்ஸி. படித்தவர். கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்த்து நிறம் மாறினால்தான் எதையும் நம்புவார். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார்.

தோல்காரனுக்கு ஓட்டை பிடிக்க ஒரு வழி உண்டு. ஆட்டுத்தோலைப் பை மாதிரித் தைத்து, பதனிடுவதற்காக மரப்பட்டை ஊறவைத்த பட்டைத் தண்ணீரை ஊற்றித் தொங்கவிடுவான். எங்கே பழுப்பாகச் சொட்டுகிறதோ அங்கே ஓட்டை. சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவான். நான் படகையும் ஓர் ஆட்டுத்தோலாகவே எடுத்துக்கொண்டேன். செங்கல் மேல் நிமிர்த்தி வைத்து, குழியிலிருந்த பட்டைத் தண்ணீரை பம்ப் போட்டு உள்ளே அடித்தேன். ஊரெல்லாம் படகுக்கு வெளியே தண்ணீர் வைப்பார்கள். ஆம்பூரில் மட்டும்தான் உள்ளே வைப்போம்.

வியாழன், மாலை 5.15. பதினோரு இடத்தில் பழுப்புச் சொட்டு. பதினோரு வட்டம்.

பின்பக்கம், படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் அடிக்கட்டைக்கு ஒரு சாண் தள்ளி, இன்னொரு சொட்டு விழுந்துகொண்டிருந்தது. வட்டம் போடக் குனிந்தவன் அப்படியே நின்றேன்.

அது பழுப்பாக இல்லை.

உள்ளே இருப்பது டிகாக்ஷன் மாதிரிக் கறுத்த பட்டைத் தண்ணீர். வெளியே வருவது கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர். விரலில் தொட்டேன். சில்லென்று நகம் வரை ஏறியது. மோந்தேன். பாசி வாடை.

"பாய், இங்க வாங்க. இது இன்னா?"

இஷ்தியாக் ஒரு குழாயில் பிடித்தார். இரும்பு உப்புக் கரைசலில் ஒரு துளி விட்டார். பட்டைச் சாறு கடுகளவு இருந்தால் போதும், மை மாதிரிக் கறுத்துவிடும்.

கறுக்கவில்லை.

"மரம் வேர்க்குது," என்றார்.

"படகுக்கு வேர்க்குமா?"

"குளிர்ந்த பொருள் மேல காத்துல இருக்கிற ஈரம் படியும் மேஸ்திரி. எட்டாங் கிளாஸ் பாடம்."

"நான் ஏழோட நின்னுட்டேன் பாய்."

துணியால் துடைத்தேன். காய்ந்துவிட்டது. வட்டம் போடவில்லை. பழுப்பு வந்தால்தான் ஓட்டை, தெளிந்து வந்தால் ஓட்டை இல்லை. அது தோல்காரன் சட்டம். நான் செய்த தப்பும் அதுதான்.

வெள்ளிக்கிழமை பகல் முழுக்க அடைப்பு வேலை. பலகை இடுக்குகளைச் சுரண்டி, மெழுகும் மீன் எண்ணெயும் குடித்த தோல் நாடாவை வைத்து, மரச்சுத்தியால் அடித்து இறக்கினேன். தண்ணீர் பட்டால் தோல் ஊதும். ஊதினால் இடுக்கு இறுகும். பதினோரு இடமும் முடிந்தது. மிச்சம் மீதி இருக்கிறதா என்று பார்க்க இருட்டு வேண்டும். பின்பக்கத்து ஷெட்டில் நாலு பீப்பாய் மேல் படகைக் கவிழ்த்து, அடியில் ஒரு பல்பைத் தொங்கவிட்டு, சுற்றிலும் கோணிச் சாக்கால் மறைத்தோம். உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு. ஊசிமுனை அளவு துவாரம் இருந்தாலும் நட்சத்திரம் மாதிரித் தெரியும்.

மாலை 6.40. பல்பைப் போட்டேன். நானும் இஷ்தியாக்கும் படகைச் சுற்றிச் சுற்றி வந்தோம். ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

"பாத்தீங்களா பாய்? ஆபேல் கை வெச்சா..."

6.55. கரண்ட் போனது.

மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வேலையாட்கள் முன்வாசல் பக்கம் போய்விட்டார்கள். ஷெட்டில் நாங்கள் இரண்டு பேர். கவிழ்ந்த படகு. கும்மிருட்டு.

டொக்.

"எலி," என்றார் இஷ்தியாக்.

டொக்... டொக்.

படகுக்கு உள்ளேயிருந்து. மரத்தை விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். கதவைத் தட்டுவோமே, அப்படி.

எனக்குப் பயம் வரவில்லை என்று எழுத ஆசைதான். வந்தது. ஆனால் அதோடு கோபமும் வந்தது. மூன்று நாள் உழைப்பு. ஞாயிற்றுக்கிழமை நாலு உயிர். இந்த நேரத்தில் உள்ளே உட்கார்ந்துகொண்டு என்ன விளையாட்டு?

மரச்சுத்தியை எடுத்தேன். படகின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

டொக், என்று ஒன்று திரும்பி வந்தது.

இரண்டு வைத்தேன்.

டொக்... டொக்.

மூன்று.

டொக்... டொக்... டொக்.

"எலி எண்ணுமா பாய்?"

"வாய மூடு மேஸ்திரி." அவர் குரல் அவர் குரலாக இல்லை. ஆனாலும் படித்த மனிதர். டார்ச்சை எடுத்தார். மண்டி போட்டார். சாக்கைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு அடித்துப் பார்த்தார்.

மணி 7.12.

தலை உள்ளே இருந்தது. டார்ச் உள்ளே எரிந்தது. தட்டும் சத்தம் நிற்கவில்லை.

டொக்... டொக்...

டார்ச் கீழே விழுந்து, எரிந்தபடியே உருண்டது. இஷ்தியாக் பின்னால் நகர்ந்து வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இன்னா பாய்? யாரு?"

"யாருமில்ல."

"தட்டுதே?"

"காலி மேஸ்திரி. உள்ள காலி."

சத்தம் இப்போது மெலிந்துகொண்டே வந்தது. முதலில் இருந்த வேகம் இல்லை. ஒன்று தட்டி, இளைப்பாறி, அப்புறம் ஒன்று. நான் உள்ளங்கையைப் படகின் முதுகில் வைத்துத் தடவிக்கொண்டே போனேன். எங்கே அதிர்வு அதிகமோ அங்கே நின்றேன். பின்பக்கம். அடிக்கட்டைக்கு ஒரு சாண் தள்ளி.

கை நனைந்தது.

கவிழ்த்து வைத்த படகு. அதன் உச்சி. அடியில் ஒரு பல்பும் நாலு பீப்பாயும்தான். அங்கே தண்ணீர் ஊறி, என் மணிக்கட்டில் வழிந்தது.

சில்லென்று... பாசி வாடை.

"யோவ்!" என்று கத்தினேன். வாணியம்பாடி வரை கேட்டிருக்கும். "நீ யாரா வேணா இரு. ஞாயித்துக்கெழம இதுல புள்ளைங்க ஏறுது. நான் வாக்குக் குடுத்துட்டேன். உனக்குப் பயந்து ஓடுற ஆளு நானில்ல. எங்க ஓட்டைன்னு தெரிஞ்சா ஒழுங்கா காட்டு. இல்லன்னா எழுந்து வெளிய போ!"



அப்புறம் என் உள்ளங்கைக்கு நேர் அடியில்...

டொக்.

உளியை எடுத்தேன். அந்த இடத்தில் வைத்தேன். சுத்தியைத் தூக்கவே இல்லை. கையால் அழுத்தினேன், அவ்வளவுதான்.

உளி உள்ளே போனது.

அல்வாவில் போவது போல.

பிடி வரை.

இழுத்தேன். பச்சைப் பெயின்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் பலகையே இல்லை. சோப்பும் மாவும் குழைத்து அப்பி, மேலே பெயின்ட் அடித்து மூடியிருந்தான் எவனோ. என் முஷ்டி நுழையும் ஓட்டை. பல்பு வெளிச்சம் அதன் வழியே வராததற்கும் பட்டைத் தண்ணீர் கசியாததற்கும் அந்தக் கனமான பூச்சுதான் காரணம். ஏரியில் ஒரு மணி நேரம் ஊறியிருந்தால், நடு ஏரியில், மொத்தமாகக் கழன்றிருக்கும்.

நாலு உயிர்.

அந்த ஓட்டை வழியே உள்ளேயிருந்து காற்று வந்தது.

நீளமாக.

ரொம்ப நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விடுவது போல...

"சரி," என்றேன். "பாத்துட்டேன். இனி நீ போலாம்."

தட்டல் நின்றது.

7.40.

மறுநாள் முதலாளி அந்த ஓட்டைக்குள் தன் கையை விட்டுப் பார்த்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். தோல் ஊறப்போடும் பழைய டிரம்மிலிருந்து கழற்றிய பலகை ஒன்று கிடந்தது. இருபது வருடம் தண்ணீரிலேயே கிடந்த மரம், அதற்கு ஏரி ஒரு பொருட்டா? அழுகின பலகையை அறுத்து எடுத்துவிட்டு, அதை வெட்டிப் பொருத்தி, செம்பு ஆணி அடித்தேன். மறுபடி பட்டைத் தண்ணீர் ஊற்றி ஐந்து மணி நேரம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். பழுப்பும் இல்லை, தெளிவும் இல்லை.

ஞாயிறு, மாலை 4.10. அக்தர் பானு அம்மாவும் மூன்று பெண்களும் ஏறினார்கள். நானும் ஏறினேன். எனக்கும் நீச்சல் தெரியாது. நடு ஏரியில் கடைசிப் பெண் படகின் அடியில் கையை வைத்துத் தடவிப் பார்த்து, "சூக்கா ஹை அம்மீ, காஞ்சு கெடக்கு!" என்று கத்தினாள். வேண்டுமென்றே இன்னும் இரண்டு சுற்று அடித்துவிட்டுத்தான் கரைக்கு வந்தேன்.

அதற்கப்புறம் கேட்டவரிடமெல்லாம் கதையைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் இஷ்தியாக் குறுக்கே வருவார்.

"காயற மரம் சத்தம் போடும். அவ்ளோதான்."

"மூணு அடிச்சா மூணு திரும்பி வந்துதே?"

"எதிரொலி."

"அந்தத் தண்ணி?"

"மேஸ்திரி, உனக்கு வேற வேலை இல்லியா? பேஜார் பண்ணாத."

மூன்று மாதம் இதே கதை. ஆலையில் பாதிப் பேர் அவர் பக்கம். எனக்குப் புளுகன் என்று பட்டம். நான் விடவில்லை. நீங்க நம்பலைன்னா அது நடக்காம போயிடுமா என்று கேட்டுக்கொண்டே திரிந்தேன்.

மார்ச் மாதம். படகுக்கான பழைய காகிதங்களை வாங்கி வர முதலாளி இஷ்தியாக்கை அந்த மலை ஊருக்கு அனுப்பினார். திரும்பி வந்த அன்று மத்தியானம் அவர் சாப்பிட வரவில்லை. லேபுக்குப் போய்ப் பார்த்தேன். டிபன் பாக்ஸைத் திறக்காமல் எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உக்காரு மேஸ்திரி."

உட்கார்ந்தேன்.

"எழுபத்தி நாலுல அந்தப் படகு கவுந்திருக்கு. ரிப்பேர் பண்றவரு ஒருத்தர். இதுல ஓட்டை இருக்கு, ஆள ஏத்தாதீங்கன்னு சொல்லியிருக்காரு. யாரும் கேக்கல. தானே ஓட்டி, தண்ணி உள்ள வர்றத காட்டறேன்னு தனியா போயிருக்காரு. நடுவுல கவுந்துபோச்சு. அவரு படகுக்கு அடியில மாட்டிக்கினாரு. உள்ள கொஞ்சம் காத்து இருந்துது போல. கட்டைய தட்டிக்கினே இருந்திருக்காரு."

"காப்பாத்தலியா?"

"கரையில வேற படகு இல்ல. நீந்தத் தெரிஞ்சவன் இல்ல. ஆள் வர லேட்டாயிடுச்சு. அவருக்குத் தைரியம் குடுக்க, கரையிலேர்ந்து ஒரு தகரத்த தட்டுனாங்களாம். இவங்க ரெண்டு தட்டினா அவரும் ரெண்டு. இவங்க மூணு தட்டினா..."

டிபன் பாக்ஸை ஒதுக்கி வைத்தார்.

"எப்ப நின்னுது பாய்?"

"ஏழு நாப்பது."

லேபில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போய் அதை இறுக்கி மூடினார். திரும்பாமலே பேசினார்.

"மேஸ்திரி, நீ சொல்றதெல்லாம் நடந்துச்சு. அன்னிக்கு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, உள்ள காலின்னு சொன்னேன் இல்ல..."

"ஆமா."

"காலியா இல்ல."