எல்லாரும் ஆம்புலன்ஸ் ஏறிய மதியம்

"...அப்ப ஜெர்மன்காரன் பேசுனா ஆம்புலன்ஸு, எங்க வூட்டுக்காரு பேசுனா மாட்டு வண்டியா தம்பி?" என்றார் தையல் லைன் சூப்பர்வைசர் அக்கா. ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, மறு கையில் போன். போனுக்குள் குவைத்திலிருந்து வீட்டுக்காரர். கேள்வியில் தப்பில்லை. ஆம்புலன்ஸைக் கிளப்பி விட்டவன் நான்தான்.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர், கேமரா, நெட் எல்லாம் என் தலையில். படித்து வந்த வேலையில்லை. கெட்டுப்போனதைக் குடைந்து குடைந்து கற்றது. எங்கள் ஷூவை வாங்குகிற ஜெர்மனி பையர் காலைக் காபியோடு பேச உட்காரும் நேரம் எங்களுக்குச் சாப்பாட்டு மணி. தகரக் கூரைக்குள் செல்போன் சிக்னல் எட்டிப் பார்க்காது. அந்த நேரம் மொத்த லைனும் வீடியோ, ரீல்ஸ் என்று கம்பெனி வைஃபையில்தான் உயிர் வாழும். அதை நிறுத்தினால் தையல் மெஷினும் நின்றுவிடும் என்று முதலாளிக்கே பயம்.

ஆக, பையர் குரல் கிணற்றுத் தவளை தந்தியடித்த மாதிரி வரும். எங்கள் மேனேஜருக்குக் காதில் விழாவிட்டால் வாய் தானாக "யெஸ், யெஸ்" என்னும். அப்படி ஒரு யெஸ்ஸில்தான் போன சீசனில் கறுப்பு ஷூவுக்கு மஞ்சள் சோல் ஒட்டினோம். இன்றைக்கும் வாட்ச்மேன் குடும்பமே பையர் வேண்டாமென்று தள்ளிய அந்த மஞ்சள் சோலில்தான் கல்யாணத்துக்குப் போகிறது. இன்னொரு யெஸ் விழுந்தால் குளிர்கால ஆர்டர் வேறு ஊருக்குப் போகும், பாதி லைன் வீட்டுக்குப் போகும்.

வீடியோ குடத்தில் பிடித்து வைத்துக் குடிக்கிற ரகம். குழாய் கொஞ்சம் நின்றாலும் தெரியாது. பேச்சு குழாயிலேயே வாய் வைத்துக் குடிப்பது. சொட்டு தாமதித்தாலும் விக்கல். அதனால் ஆம்புலன்ஸுக்கு ரோடு ஒதுங்குகிற மாதிரி, 'பேச்சு வந்தால் முதலில் வழி விடு' என்று ரவுட்டரில் அமைத்து வைத்தேன். முதல் தடவை, பையர் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பேசுவது போலிருந்தது. மேனேஜர் என் முதுகில் தட்டினார்.

பேச்சு என்றால் எல்லார் பேச்சும்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. "இன்னாடி, மாமியா கொரலு இவ்ளோ தெளிவா கேக்குது, பேஜாரா இருக்கே!" என்று ஒருத்தி சொல்லப்போக, ரீல்ஸ் பார்த்தவர்களும் ஊருக்கெல்லாம் போன் போட ஆரம்பித்தார்கள். ரோடு முழுக்க ஆம்புலன்ஸ். யாருக்கு யார் ஒதுங்குவது?

அன்றைக்குப் பையர் மறுபடி ஷூ சோல் பற்றிப் பேச வந்திருந்தார். குரலில் பழைய தவளையும் வந்துவிட்டது. அமைப்பை மாற்றினால் ரவுட்டர் ஒருமுறை அணைந்து எழும், பேச்சே அறுந்துவிடும். வேறு வழியில்லாமல் கீழே ஓடி வந்து, ஆம்புலன்ஸ் கதையை மூச்சிரைக்கச் சொல்லி, போனை வைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அதற்குத்தான் அக்காவின் மாட்டு வண்டி.

"அய்யோ அக்கா, மேல மேனேஜரு யெஸ் சொல்ல ஆரம்பிச்சிட்டாரு."

அக்கா முகம் மாறியது. "மறுபடி மஞ்சளா?"

"இன்னா கலரோ, அவருக்கே தெரியாது."

"எல்லாரும் பல்லக்கு ஏறுனா தூக்குறவன் யாருன்றே. சரி." போனில், "யோவ், வைய்யா. உன்னவிட ஜெர்மன்காரனுக்கு அவசரம் ஜாஸ்தியாம்" என்றார். காலி அட்டைப்பெட்டி ஒன்றை இழுத்து, தன் போனை அணைத்து முதலில் போட்டார். பிறகு பெட்டியை நீட்டிக்கொண்டே லைன் நெடுக நடந்து, மாமியார், மச்சினர் எல்லாரையும் பாதிப் பேச்சில் வாங்கிப் போட்டு, பெட்டியை மூடி, அதன்மேல் டப்பாவை வைத்துத் தயிர் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.