இடது ஆசனத்துப் பள்ளம்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே போகலாம். அவர்களுக்காக ஒரு வரியையும் இதில் அழகுபடுத்தப் போவதில்லை. நடந்தது அமாவாசை இரவில் அல்ல. வெள்ளிக்கிழமை நண்பகலில், மாத்தளைக்குப் பக்கத்துப் பலாபத்வலையில், ஏ-9 வீதியிலிருந்து இருபதடி உள்ளே, தகரக் கூரை போட்ட ஷிஃபானின் பட்டறையில்.

ஷிஃபான் கார்களுக்கு சவுண்ட் சரிசெய்பவன். ஒரு சின்ன மைக்கை ஃபோனில் செருகி, சாரதியின் தலை இருக்கும் இடத்தில் நிறுத்துவான். ஸ்பீக்கர்களில் மழை இரைவது போன்ற ஒரு சத்தத்தை ஓடவிடுவான். திரையில் ஒரு கோடு வரும். மேட்டை வெட்டுவான், பள்ளத்தை நிரப்புவான். முடிந்தது வேலை. தன் காதால் ஒருபோதும் கேட்டுப் பார்க்க மாட்டான். காதை நம்பி சவுண்ட் செய்கிறவர்களை அவன் மனிதர்களாகவே மதிப்பதில்லை. வாடிக்கையாளர்களின் காதுகள் அதைவிடக் கேவலம். பின்பக்கம் ஒரு பெட்டியைப் போட்டு, கண்ணாடி அதிர்ந்தால் அவர்களுக்கு அதுதான் இசை.

அந்தக் கேவலமான காதுகளில் ஒரு ஜோடி ஸுஹைலுடையது. மாத்தளை டவுனில் மிளகு வியாபாரம். பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கி இரண்டு தடவை ஷிஃபானிடம் விட்டான். இரண்டு தடவையும் திருப்பிக் கொண்டு வந்தான். அண்ணன் முறையில் ஷிஃபானை 'நானா' என்றுதான் கூப்பிடுவான்.

"இடது பக்கம் மங்கல் நானா. யாரோ மறைச்சிக்கிட்டு ஈக்கிற மாதிரி."

இதையே கார் சவுண்ட் ஆட்கள் நூற்றெண்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டான். ஷிஃபான் அங்கேயே பதில் எழுதினான்: 'வெள்ளி இரண்டு மணிக்குள் சரிவராவிட்டால் மைக்கை உடைத்துவிட்டுத் தொழிலை விடுகிறேன்.'

உண்மையில் பிழை அவனுடையது. இரண்டு தடவையும் வெக்கை தாங்காமல் இடது கதவைத் திறந்து போட்டு அளந்திருந்தான். அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

வெள்ளி நண்பகலை அவன் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஜும்ஆத் தொழுகை நேரத்தில் பக்கத்து டயர்க் கடையின் கம்ப்ரசர் ஓயும். எதிர்ப் பட்டறையில் மரம் அறுப்பதும் ஓயும். டயர்க் கடை யாகூப் தொப்பியைச் சரிசெய்துகொண்டே எட்டிப் பார்த்தார்.

"பள்ளிக்கு வரல்லியா?"

"வேல ஈக்கி நானா."

"ஒனக்கு எந்த வெள்ளிதான் வேல இல்ல? மைக்க ஓதச் சொல்லு. நீ ஆமீன் சொல்லு."

போனார்.

12:28. இந்தத் தடவை நான்கு கதவுகளையும் சாத்தினான். மைக்கின் வயரை மட்டும் வெளியே எடுத்து, ஃபோனோடு காரின் முன்னால் நின்றான். அளக்கும்போது காருக்குள் ஆள் இருக்கக் கூடாது. இடது ஆசனத்தில் ஒருவர் உட்கார்ந்தால் அவருடைய கால் இடது கதவு ஸ்பீக்கரை மறைக்கும்; கோட்டின் நடுவே ஒரு பள்ளம் விழும். நூறு கார்களில் பார்த்த பள்ளம்.

12:31. இடது ஸ்பீக்கரை மட்டும் ஓடவிட்டான்.

பள்ளம் விழுந்தது.

முன்கண்ணாடி வழியாகப் பார்த்தான். இடது ஆசனம் காலி. மறுபடி அளந்தான். அதே பள்ளம்.

12:38. சத்தத்தை ஓடவிட்டபடியே இடது கதவைத் திறந்தான். பள்ளம் மறைந்தது. சாத்தினான். ஒன்று... இரண்டு... மூன்று...

பள்ளம்.

ஏறி உட்கார எடுக்கும் நேரம்.

12:41. சத்தத்தை நிறுத்தினான். மைக் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மூடிய காருக்குள் ஒன்றுமில்லை. கோடு தரையில் கிடக்க வேண்டும்.

கோடு எழுந்தது. தாழ்ந்தது.

எழுந்தது... தாழ்ந்தது...

நான்கு விநாடிக்கு ஒரு தடவை. எண்ணினான்.

மூச்சு.

12:43. ஒவ்வொரு தடவையும் கோடு முன்னைவிட உயர்ந்தது. மைக் வலது ஆசனத்தில் இருக்கிறது. அப்படியென்றால்... சாய்கிறது. மைக்கை நோக்கி.

இன்னும் கிட்ட...

'டக்.'

கோடு திரையின் உச்சியைத் தொட்டது.

வயரைப் பிடுங்கினான்.

1:09க்கு யாகூப் திரும்பி வந்தார். "என்னடா, மையித்து எழும்பினதக் கண்டவன் மாதிரி ஈக்கிற?"

"மைக் பழுது."

ஆட்களின் குரல் கேட்டதும் அவனுக்குத் தன் பயத்தின் மீதே அருவருப்பு வந்தது. பட்டப்பகலில் தொடை நடுங்கும் தடியன். மறுபடி அளக்கக் கை வரவில்லை. இரண்டு மணியோ நெருங்கிக்கொண்டிருந்தது. 12:31இன் கோட்டையே எடுத்து, இடது பக்கத்தை ஏற்றி அந்தப் பள்ளத்தை நிரப்பினான். வழக்கம்போல் காதால் கேட்டுப் பார்க்கவில்லை.

1:55க்கு ஸுஹைல் வந்தான். தனியாக ஏறிக் கதவைச் சாத்திப் பாட்டுப் போட்டான். ஷிஃபான் வெளியே நின்றான். பக்கத்து ஆசனத்தில் ஒருவரும் இல்லையென்றால் இப்போது இடது பக்கம் காதைக் கிழிக்க வேண்டும். இரண்டு நிமிடம் போனது. கண்ணாடி இறங்கியது.

"நானா! பாடுற ஆள் சரியா நடுவுல நிக்கிறாரு. இதத்தானே கேட்டேன்!"

அன்று மாலை குழு முழுக்கக் கைதட்டு. ஷிஃபானின் பெயர் பிழைத்தது. எலும்பைக் கண்ட நாய் போலத் தான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்ததாக அவனே பிற்பாடு என்னிடம் சொன்னான்.

பதினெட்டாம் நாள் காலை 10:12க்கு அந்தக் கார் மறுபடி வந்து நின்றது.

"நானா, இடது பக்கம் கத்துது. காது வலிக்குது."

கதவுகளைச் சாத்தி அளந்தான். பள்ளம் இல்லை. அவன் ஏற்றி வைத்த மேடு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது.

"எப்ப இருந்து?"

"நேத்துக் காலையில இருந்து. முந்தாநாள் அஸருக்கு வில்கமுவயில இருந்து தனியாத்தான் வந்தேன். ரோட்டு முழுக்கக் கேட்டுக்கிட்டு வந்தேன், தங்கம் மாதிரி ஈந்துச்சு. எங்கட கேட் வரைக்கும். நேத்துக் காலையில ஸ்டார்ட் பண்றேன்... கத்துது."

"நடுவுல வண்டி எங்கயும் போகல்லியா?"

"இல்ல. ஊட்டு முத்தத்துலதான் நின்னுச்சு."

முந்தாநாள் மாலை அந்த முற்றத்தில் காரைவிட்டு இறங்கியது ஸுஹைல் மட்டுமல்ல.

ஷிஃபான் வாயைத் திறந்தான். சொல்வதென்றால் அந்த வெள்ளிக்கிழமை அளந்தது காலிக் காரை அல்ல, அந்த அளவே பொய் என்று சொல்ல வேண்டும். நூற்றெண்பது பேரும் சிரிப்பார்கள். இடது பக்கத்தை இறக்கினான். பத்து நிமிட வேலை.

ஸுஹைல் கேட்டான், சிரித்தான், கை கொடுத்தான்.

"ஞாயித்துக்கிழம ஊட்டுக்கு வாங்க நானா. புள்ளைக்கு நாப்பதாம் நாள். புள்ளைட உம்மா நிஷ்மியாவும் நீங்க கட்டாயம் வரணும்னு சொன்னா."

"புள்ள... சுகமா ஈக்கா?"

"சுகந்தான். ரெண்டு நாளா அழுறதே இல்ல. நாங்க கிட்டப் போக முந்தியே தொட்டில் தானா ஆடிக்கிட்டு ஈக்குது."

கார் ஏ-9இல் ஏறி மறைந்தது. 11:20க்கு ஸுஹைல் குழுவில் எழுதினான்: 'ஷிஃபான் நானாட மைக் பொய் சொல்லாது.'

ஷிஃபான் அதற்கு ஒரு கட்டைவிரலைப் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் போகவில்லை.