சொல்லிக்கொண்டு கிளம்பிய விண்கப்பல்

ஆடி மாதத்தில் எவரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மண்டபங்கள் ஈயோட்டிக்கொண்டு கிடக்கும். அதனால்தான் எங்கள் அறிபுனைவு, மாயப்புனைவுக் கூட்டம் வருஷா வருஷம் ஆடியில் நடக்கிறது. ஒத்தக்கடையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு கல்யாண மண்டபம். வேற்றுக் கிரகத்தான் பூமிக்கு இறங்கி வருவதாக இருந்தாலும் இவர்கள் ஆடிக்குத்தான் வரச் சொல்வார்கள்.

மணமகன் அறையில் அறிபுனைவுக்காரர்கள் கூடிப் பேசுவார்கள். மணமகள் அறையில் மாயப்புனைவுக்காரர்கள். யார் எங்கே என்று பிரித்தது யார் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் அப்படியே கிடக்கும். அதில் உட்கார்ந்து ஒருவர் காலப் பயணம் பற்றிப் பேசும்போது, தாலி எடுத்துக் கொடுக்க யாரும் வரவில்லையே என்று எனக்குத் தோன்றும். உடம்பெல்லாம் வெள்ளித்தாளைச் சுற்றிக்கொண்டு ஒரு பையன் வருவான். விண்வெளி வீரனாம். வேர்வையில் தாள் முதுகோடு ஒட்டிக்கொள்ள, சாப்பாட்டு நேரம்வரை யாராவது பிய்த்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் கோச்சடைக்காரி. வயலும் மாடும் பார்த்து வளர்ந்தவள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டது தலை நரைத்த பிறகுதான், எங்கள் பகுதியில் மாலை வகுப்பு ஒன்று நடந்தபோது. இன்றைக்கும் சின்ன ரகரம், பெரிய றகரம் இரண்டுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. படித்தது போதும் என்று இருந்தவளைக் கெடுத்தது கடலை மடித்து வந்த ஒரு தாள். செவ்வாய்க் கிரகத்தில் பேருந்து நிலையம் திறந்துவிட்டார்கள், கூட்டம் நெரிகிறது, கழிப்பறை சரியில்லை என்று அதில் போட்டிருந்தது. கழிப்பறை சரியில்லை என்றதும் நான் முழுசாக நம்பிவிட்டேன். தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக்கொண்டு நின்ற பெண்களிடமெல்லாம் சொன்னேன். தெருவே நம்பியது. மாலை வகுப்பில் என்னோடு படித்த, வீட்டில் உருது பேசுகிற சிநேகிதி ஒருத்திதான் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அரே அக்கா, இது கதை!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. கதை என்றால் மேலே கதை என்று எழுதித் தொலைக்க வேண்டியதுதானே? கோபம் ஆறின பிறகுதான் யோசித்தேன். இம்புட்டுப் பொய்யை முகத்தை நேராக வைத்துக்கொண்டு ஒருவன் சொல்லலாம் என்றால், நான் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும்?

அப்படித்தான் நானும் அவளும் எழுத ஆரம்பித்தோம். அவள் வீட்டில் டிரங்குப் பெட்டி வியாபாரம், பெரிய மசூதிக்குப் பக்கத்துச் சந்தில். அவள் ஜின்னுகளைப் பற்றி எழுதுவாள், அதனால் மணமகள் அறை. நான் விண்கப்பல் எழுதுவேன், அதனால் மணமகன் அறை. நான் பெரிய பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பதை அவள் திருத்தி எழுதித் தருவாள். திருத்தும்போது என் கதைக்குள் ஜின் ஒன்றை நுழைக்கப் பார்ப்பாள். பிடித்து வெளியே போடுவது என் வேலை.

இந்தத் தடவை கூட்டத்தில் படிக்கிற கதைகளை ஒரு தொகுப்பாக அச்சுப் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அதில் என் கதை வர வேண்டும் என்று எனக்கு ஆசை. என் பெயர் இதுவரை அச்சில் வந்தது ரேஷன் அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும்தான். வாக்காளர் பட்டியலில் பெயருக்கு நேரே ஆண் என்று வேறு போட்டிருந்தான். அரிசி வாங்கவோ ஓட்டுப் போடவோ இல்லாமல், நாலு பேர் படிக்க என்று ஒரு தடவையாவது என் பெயர் அச்சேற வேண்டும்.

தொகுப்புக்குப் பொறுப்பாளர், கூட்டத்தை நடத்துகிற வாத்தியார். அந்தப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் பாடம் எடுப்பவர். நல்ல மனுஷன். சட்டையில் சனிக்கிரகம் போட்டிருப்பார். சனியை நெஞ்சிலே சுமந்துகொண்டு திரிகிறவர் என்று நான் பார்த்தது அவரைத்தான்.

என் கதை இதுதான். திருமங்கலத்துப் பக்கத்துப் பெண் ஒருத்தி விண்கப்பலுக்குத் தலைவி ஆகிறாள். ஆட்களை ஏற்றிக்கொண்டு தூரத்து நட்சத்திரம் ஒன்றுக்குக் கிளம்புகிறாள். போய்ச் சேர நானூறு வருஷம் ஆகும். அவளும் சேர மாட்டாள், அவள் பிள்ளையும் சேராது, வம்சத்தில் எதுவோ ஒன்றுதான் இறங்கும். கிளம்புகிற நாளில் கட்டுப்பாட்டு அறையில் அவள் அம்மா மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மகள் கப்பலுக்குள் இருந்து, "போயிட்டு வாரேம்மா" என்கிறாள். கப்பல் கிளம்புகிறது. அதோடு முடிந்தது.

முதலில் அந்தக் கப்பலில் எருமை ஒன்று இருந்தது. போன வருஷமே வாத்தியார் அதைப் பிடித்துக்கொண்டார்.

"ராக்கெட்டுல எருமை எதுக்கும்மா?"

"காப்பிக்குப் பாலு வேணாமா?"

"நானூறு வருஷத்துக்கு வைக்கோலு?"

"அம்புட்டுமா வேணும்?" என்று கேட்டேன். அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். கப்பலைவிட வைக்கோல்போர் பெரிசாக இருந்தது. நியாயம் என்று எருமையை இறக்கிவிட்டேன். சொல்வது சரி என்றால் கேட்டுக்கொள்கிறவள்தான் நான்.

இந்தத் தடவை படித்து முடித்ததும் கைதட்டல் பலமாக இருந்தது. வெள்ளித்தாள் பையன் எழுந்து நின்று தட்டினான். அவன் தட்டினால் தாள் சத்தமும் சேர்ந்து வரும். வாத்தியார் வெல்வெட் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து வந்தார்.

"கதை ரொம்ப நல்லாருக்கும்மா. தொகுப்புல போட்டுரலாம். ஒரே ஒரு எடம் மட்டும்."

"எந்த எடம்?"

"கடைசியில 'போயிட்டு வாரேம்மா'ங்கிறா. அவதான் வர மாட்டாளே. எரிபொருளு ஒரு வழிக்குத்தான் இருக்கு. 'போறேம்மா'ன்னு மாத்திருங்க."

கையிலிருந்த தாளை மடித்து மடியில் வைத்தேன்.

"ஏன் தம்பி, வீட்டை விட்டுக் கெளம்புற புள்ள போறேன்னு சொல்லுமா?"

"பூமியில சொல்லாதும்மா. இது விண்வெளி. படிக்கிறவன் என்ன நெனைப்பான்? வாரேன்னு சொல்லிருச்சு, அப்ப கப்பல் திரும்பி வருது போலன்னு நெனைப்பான். கடைசி வரைக்கும் காத்துக் கெடப்பான்."

"கெடக்கட்டும். அவ ஆத்தா கெடக்கலையா?"

"அது பொய்யி இல்லையாம்மா?"

"பொய்யின்னு யாரு சொன்னா? அது பேச்சு."

பின் வரிசையில் இரண்டு பையன்கள் குசுகுசுத்தார்கள். "மாப்ள, கெழவி சொல்றதுதான்டா சரி."

"கெழவிக்குக் காது நல்லாக் கேக்கும்டா" என்றேன். சொன்னவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

அதற்குள் மணமகள் அறைக்காரர்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வெள்ளித்தாள் பையன், "அண்ணே, அவ ரேடியோவுலதானே பேசுறா? போன்ல பேசுற மாதிரி 'வச்சிர்றேம்மா'ன்னு சொன்னா என்னண்ணே?" என்றான். என் சிநேகிதி மைக்கை வாங்கினாள்.

"போறேனும் வேணாம், வாரேனும் வேணாம். எங்க வீட்டுல சொல்ற மாதிரி குதா ஹாஃபிஸ், ஆண்டவன் காப்பாத்தட்டும்னு சொல்லி ஏத்தி விட்டுருங்க. போறவளுக்கும் பொருந்தும், இருக்குறவளுக்கும் பொருந்தும். சாப்பாடு ஆறுது."

"திருமங்கலத்துக்காரி எங்கிட்டும்மா குதா ஹாஃபிஸ் சொல்லப் போறா?" என்றேன்.

"கப்பல்ல எங்காளுக யாருமே இல்லியா அப்ப?" என்று அவள் என் மேலேயே பாய்ந்தாள். யோசித்துப் பார்த்தால் நான் ஏற்றவில்லைதான். வாத்தியார் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வாத்தியார் அசையவில்லை. மாற்றினால்தான் தொகுப்பில் சேர்க்க முடியும், அறிபுனைவு என்று போட்டுவிட்டுக் கணக்கு இடித்தால் தன்னைத்தான் கேட்பார்கள் என்றார். குரலை உயர்த்தாமல், பாடம் எடுக்கிற மாதிரி நிதானமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

ஒரு சொல்லுக்காகப் புத்தகத்தை விடுவதா, புத்தகத்துக்காகச் சொல்லை விடுவதா? அந்த நேரம் எனக்கு ஒரு யோசனை வந்தது. அதை நினைத்து உள்ளூரப் பெருமைப்பட்டும் கொண்டேன்.

"வாத்தியாரே, ஒண்ணு செய்யுங்க. அந்தா இருக்கு பாருங்க வாசல், அங்க போங்க. திரும்பி என்னையப் பாத்து வாய் நெறையப் 'போறேன்'னு ஒரு தடவ சொல்லுங்க. சொல்லிட்டுப் படி எறங்கிட்டீகன்னா நான் மாத்திப்புடுறேன்."

அவருக்கு வராது என்றுதான் நினைத்தேன். ஒரு தாய் வளர்த்த பிள்ளைக்கு நாக்கு புரளுமா?

வாத்தியார் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு எழுந்தார். மேடையை விட்டு இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்தார். வெள்ளித்தாள் பையன் காலை மடக்கி வழி விட்டான். வாசலில் போய்த் திரும்பி நின்றார்.

"அம்மா, நான் போறேன்."

சொல்லிவிட்டுப் படி இறங்கிவிட்டார்.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. இந்த மனுஷனை நான் வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன். எருமைக்குச் சண்டை போட்டதைத் தவிர வேறு உறவு கிடையாது. ஆனாலும் எழுந்தே நின்றுவிட்டேன்.

"யப்பா! யப்பா, இங்கிட்டு வாங்க! அப்படிச் சொல்லிட்டா கெளம்புவாக? வந்து உக்காருங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு அப்புறம் கெளம்புங்க."

வந்தார். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். என் பையிலிருந்த பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மண்டபமே சிரித்துக்கொண்டிருப்பது அதற்கப்புறம்தான் காதில் விழுந்தது.

"தோத்துட்டீகம்மா" என்றார் வாத்தியார், வாயைத் துடைத்துக்கொண்டு.

"தௌபா, தௌபா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் என் சிநேகிதி. "நீயே குழி வெட்டி நீயே விழுந்தியா அக்கா?"

தோற்றதுதான். சொல்லச் சொன்னதும் நான், சொன்னவரைக் கூப்பிட்டதும் நான். சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் எனக்குக் கிடையாது. "மாத்துங்க" என்றேன். அவர் மடிக்கணினியைத் திறந்து 'போயிட்டு வாரேம்மா'வை அழித்துவிட்டு, 'போறேம்மா' என்று அடித்தார். அடித்துவிட்டு மூடப் போனார்.

"மூடாதீக. கதை முடியல."

"முடிஞ்சிருச்சேம்மா. கப்பல் கெளம்பிருச்சு."

"எங்கிட்டுக் கெளம்பும்? அவ போறேன்னு சொல்லிட்டாள்ல. ஆத்தாக்காரி அங்கனதானே உக்காந்திருக்கா? கேட்டுட்டுச் சும்மா இருப்பாளா? எழுதுங்க."

நான் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். மகள் போறேன் என்றதும் தாய்க்காரி மைக்கைப் பிடித்துக்கொண்டு, நிறுத்து என்கிறாள். கப்பலை ஏவப் பத்து, ஒன்பது என்று எண்ணிக்கொண்டிருந்தவன் எண்ணிக்கையை விட்டுவிடுகிறான். கதவைத் திறக்கச் சொல்லி, ஒரு செம்புத் தண்ணீரை ஏணி வழியாக மேலே ஏற்றி அனுப்புகிறாள். தண்ணீர் போய்ச் சேர்ந்த பிறகுதான், சரி கிளம்பு என்கிறாள்.

வாத்தியாரின் விரல்கள் பாதியிலேயே நின்றுவிட்டன.

"அம்மா, இது நடக்காது. கடைசி நிமிஷத்துல கதவத் தொறக்க முடியாது. எரிபொருள் பத்திக்கிட்டிருக்கும். ஒரு செம்புத் தண்ணிக்காக ராக்கெட்ட நிறுத்த முடியாதும்மா."

"நீங்க நின்னீகளா இல்லையா?"

"நான் ராக்கெட் இல்லையேம்மா."

"போறேன்னு போடச் சொன்னது நீங்க. போட்டாச்சு. அதுக்கு அவ ஆத்தா என்ன செய்வான்னு எனக்குத்தானே தெரியும்? அத நீங்க சொல்லப்படாது."

பின் வரிசைப் பையன்கள், "போடுங்கண்ணே, போடுங்கண்ணே" என்று தாளம் தட்டினார்கள். அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். பிறகு அடித்தார்.

புரட்டாசியில் தொகுப்பு தபாலில் வந்தது. என் பெயரை முதலில் தேடிப் படித்தேன். பெரிய றகரம் வர வேண்டிய இடத்தில் பெரிய றகரமே இருந்தது. ஆண் என்று எங்கும் போடவில்லை. கதையை எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. முடிவில் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஏவும் நேரத்தில் விண்கலத்தை இவ்வாறு நிறுத்த இயலாது, தொகுப்பாசிரியர்.

உடனே வாத்தியாருக்குப் போன் போட்டேன்.

"தம்பி, கீழ என்னமோ பொடிசாப் போட்டிருக்கீக."

"குறிப்பும்மா. என் மனசு கேக்கல."

"நிறுத்த முடியாதுன்னா, கதையில நின்னது எப்படி?"

"அதத்தாம்மா நானும் கேக்குறேன்" என்று சிரித்தார். "ஆனா ஒண்ணும்மா. அச்சுக்குப் போறதுக்கு முன்னால கம்ப்யூட்டர்ல பக்கம் அமைச்சுக் குடுத்த பொண்ணு கேட்டுச்சு. செம்பு மேல போச்சே, அவ அந்தத் தண்ணியக் குடிச்சாளா இல்லையான்னு. நீங்க எழுதலையாம்."

எடுத்துப் பார்த்தேன். எழுதத்தான் இல்லை. முன்பின் தெரியாத ஒரு பெண், எங்கேயோ உட்கார்ந்து, என் கதையைக் கடைசிவரை படித்திருக்கிறாள். படித்ததோடு விடாமல் கேட்டும் இருக்கிறாள்.

"குடிச்சாளாம்னு சொல்லுங்க" என்றேன்.